பானை, கம்பளி, பென்சில் பேட்டரி: வீட்டு ஸ்பீக்கரைச் செலவில்லாமல் சீராக்க முடியுமா?

கொடைக்கானலில் வட்டக்கானலைத் தாண்டி, டால்பின்ஸ் நோஸ் பாறைப் பக்கமாக ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் வெள்ளகவி வரும். கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏறியும் போகலாம். பல தலைமுறைகளாக மக்கள் நடந்தே போய்வந்த மலைக்கிராமம். அரிசி மூட்டையோ டி.வி. பெட்டியோ, தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் வந்து சேர வேண்டியிருந்தது. ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் கிடையாது. ஊரையே கோயிலாக மதிக்கிறார்கள்.

அப்படி ஓர் ஊரில் உங்கள் வீடு இருக்கிறது, அதில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ் (கனத்த அடி ஒலி) திம்திம்மென்று இரைகிறது. பாடுகிறவர் சொல்லும் சொல் புரியவில்லை. நல்ல செட்டாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்று வாயால் சொல்லிவிடலாம். அதைச் சுமந்து மலைப்பாதையில் வருகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும். வீட்டில் கிடப்பதை வைத்தே சத்தத்தைத் திருத்த முடியுமா?

மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் உங்களுக்கும் இதே கேள்விதான். ஸ்பீக்கருக்கு அடியில் காசு வை, சுவரில் முட்டை அட்டை ஒட்டு, பானையில் ஸ்பீக்கரைக் கவிழ், ஒயரை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இவற்றில் சில உண்மையிலேயே பலன் தரும். சில மனத்திருப்திக்கு மட்டும். ஒன்றிரண்டு ஆபத்தானவை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கடையில் நன்றாகப் பாடியது வீட்டில் ஏன் கெட்டுப்போகிறது?

காரணம், உங்கள் காதுக்கு வருவது ஸ்பீக்கரின் சத்தம் மட்டுமில்லை. ஒரு பங்கு நேராக வருகிறது. மீதி, சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருகிறது. கடை அறை வேறு, உங்கள் அறை வேறு. அதனால் கேட்கும் சத்தமும் வேறு.

இங்கே ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 அதிர்வு) உள்ள பேஸ் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஓர் அறையின் நீளம். ஜால்ராவின் 'சிங்' ஓசையில் வரும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 3.4 சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம்.

இந்த இரண்டு அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் அறையளவு பெரியது. அதைத் திருத்த ஸ்பீக்கரையோ நாற்காலியையோ அடிக்கணக்கில் நகர்த்த வேண்டும். ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) விரலளவு சின்னது; ஒரு துணி, ஒரு திரை, தலையின் சின்ன அசைவுகூட அதை மாற்றிவிடும். யார் என்ன யோசனை சொன்னாலும் முதலில் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்பீக்கரை இடம் மாற்றினால் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் அடிமட்ட பேஸ் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) வரை கூடக்கூடும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை நான்கு மடங்காக்கினால்தான் அந்த 6 டெசிபல் கிடைக்கும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் தெளிவு போகும். பேஸ் இரைகிறது என்றால் மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னால் கொண்டுவாருங்கள். பேஸே இல்லை, ஒல்லியாகக் கேட்கிறது என்றால் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள்.

உயரம் எவ்வளவு? ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) நீங்கள் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பவருக்கு அலமாரி உச்சியில் ஸ்பீக்கர் இருந்தால் தலைக்கு மேலே ட்ரெபிள் போய்விடும். நாற்காலியில் உட்காருபவருக்கு ஸ்பீக்கர் தரையில் இருந்தால் முழங்காலோடு நின்றுவிடும். தூக்கி வைக்க முடியாவிட்டால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, முகத்தைக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் முக்கோணத்தின் மூன்று முனைபோல, ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தால் போதும். அப்போது பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில், உங்கள் எதிரே நிற்பதுபோலக் கேட்கும். இரண்டையும் டி.வி.க்கு இருபக்கமும் ஒட்டி வைத்துவிட்டால் அந்த அனுபவம் கிடைக்காது.

நீங்கள் எங்கே உட்கார வேண்டும்? 12 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 46 ஹெர்ட்ஸ் ஒலி தங்கி நிற்கும். அந்த ஒலி சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இரையும், அறைக்கு நட்டநடுவே உட்கார்ந்தால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக ஒரு சுற்று நடந்தாலே இந்த மேடுபள்ளம் உங்கள் காதுக்குப் பிடிபடும்.

இன்னொன்று: கிட்டே வந்து உட்காருங்கள். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். சுவர் திருப்பித் தரும் ஒலி அவ்வளவாகக் கூடாது. சொல் தெளிவாகும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான்.

பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பல வீடுகளில் பேஸ் வராததற்குக் காரணம் இதுதான். ஸ்பீக்கருக்குச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனை. ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் மாற்றியும் கொடுத்துவிட்டால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும். ஒன்றின் பேஸை மற்றது விழுங்கிவிடும்.

சோதிப்பது சுலபம். இரண்டு ஸ்பீக்கரையும் அருகருகே, முகம் ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். ஒரே ஆள் பேசும் செய்தியையோ பழைய பாட்டையோ ஓடவிடுங்கள். கொஞ்சம் கேட்டுவிட்டு, நிறுத்தி, ஒரே ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் முனை மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். எப்போது குரல் கனமாகவும் நடுவில் நிலையாகவும் கேட்கிறதோ அதுதான் சரியான இணைப்பு.

நிறம் அழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால் ஒரு பென்சில் பேட்டரி போதும். ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 'டப்' என்ற ஓசையோடு பெரிய கோன் (நடுவில் இருக்கும் காகிதக் கூம்பு) அசையும். முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். பின்னால் போனால் அதுவே மைனஸ். ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். அதன் கம்பி மெல்லியது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். அளவுகோலை எடுத்துப் பாருங்கள். முட்டை அட்டையின் குழி நாலைந்து சென்டிமீட்டர். பேஸ் அலை மூன்று, நான்கு மீட்டர். அந்த அலைக்கு அட்டை இருப்பதே தெரியாது. மேல் ஒலியில் கொஞ்சத்தை மட்டும் அது தின்னும். அறை முன்பைவிட மந்தமாகவும் பேஸ் முன்பு போலவே இரைச்சலாகவும் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்குமா? அதுவும் தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அட்டையில் பூச்சி சேரும். தீப்பொறி பட்டால் சுவர் முழுக்கப் பற்றிக்கொள்ளும்.

அப்படியென்றால் எதிரொலியை எப்படிக் குறைப்பது?

அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று ஒரு கிணுகிணுப்பு பின்னால் வந்தால் உங்கள் சுவர்கள் மொட்டையாக இருக்கின்றன என்று பொருள். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, தகரக் கூரை உள்ள அறைகளில் இது அதிகம்.

அதற்கு மருந்து தடித்த துணி. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்து விநாடிக்கு மேல் அது உள்ளேயே சுழன்றது. வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்துதான் தொடங்கியது. ஆகவே போர்வையைத் தொங்கவிட நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கே தொங்கவிடுவது? உங்கள் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, ஸ்பீக்கரின் சத்தம் முதலில் மோதித் திரும்புவது அங்கேதான். இரண்டு பக்கச் சுவரிலும் அந்த இடத்தில் மட்டும் கம்பளியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் போதும். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அந்தக் காற்று இடைவெளியும் சேர்ந்து வேலை செய்யும்.

கோரைப்பாய் உதவுமா? மெல்லியது, அவ்வளவாக உதவாது. ஜமக்காளம் கொஞ்சம் உதவும். பஞ்சு மெத்தை நன்றாக உதவும். துணி மடித்து அடுக்கிய திறந்த அலமாரி, புத்தக அடுக்கு எல்லாமே நல்லதுதான். எல்லாவற்றையும்விடச் சிறந்தது திறந்த ஜன்னல். அதன் வழியே வெளியே போன சத்தம் திரும்பி வருவதே இல்லை. சபீனும் திறந்த ஜன்னலைத்தான் முழு உறிஞ்சலுக்கு அளவாக வைத்தார்.

ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம் உள்ளே வருமே? நகரத்தில் வரும். இந்த ஒரு விஷயத்தில் வெள்ளகவி போன்ற ஊர் நம்மை வென்றுவிடுகிறது. வண்டிச் சத்தம் இல்லாத இடத்தில் ஸ்பீக்கரைச் சின்னதாக வைத்தாலே வீணையின் கடைசி இழைவரை கேட்கும். நகரத்தில் இருப்பவர் மின்விசிறியின் வேகத்தை ஒரு படி குறைத்து, இரவு ஒன்பது மணிக்குக் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரை மாற்றியதுபோல இருக்கும்.

பானை ஸ்பீக்கர் உண்மையிலேயே நன்றாகக் கேட்குமா?

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் இதைப் பார்க்க முடிந்தது. மண்பானை வாயில் ஆறு அங்குலமோ எட்டு அங்குலமோ உள்ள ஒரு ஸ்பீக்கர், அதிலிருந்து ஓர் ஒயர். அதை ஏழையின் சமாளிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதில் நல்ல அறிவியல் இருக்கிறது.

ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் வெறுமனே கையில் பிடித்தால் கோனின் முன்னாலும் பின்னாலும் சத்தம் வரும். முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் காற்று இளகும். இரண்டும் சுற்றிவந்து கலந்து பேஸ் அழிந்துபோகும். பெட்டியின் முதல் வேலை பின்பக்கச் சத்தத்தை உள்ளேயே அடைத்து வைப்பது. பானை அதைச் செய்கிறது.

மரப்பெட்டியைவிடப் பானைக்கு இரண்டு நன்மை உண்டு. உருண்டை வடிவம் என்பதால் எதிரெதிர்ப் பலகை கிடையாது. உள்ளே ஒலி இரண்டு பலகைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு துள்ளாது. கூரான விளிம்பு இல்லாததால் வெளியே வரும் ஒலியும் சிதறாது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-இல் பல வடிவப் பெட்டிகளில் ஒரே ஸ்பீக்கரை வைத்து அளந்து காட்டினார். கோள வடிவம்தான் மிகச் சீராகப் பாடியது. நம் குயவர் திரிகையில் அந்த வடிவம் தினமும் பிறக்கிறது.

குறை இல்லையா? உண்டு. சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும். கடம் அப்படித்தானே பாடுகிறது. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் 'கும்' ஓசையை மாற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். வாய் திறந்திருக்கும் பானைக்குள் இருக்கும் காற்று தனக்கென்று ஒரு சுருதியில் அதிரும். ஸ்பீக்கருக்கும் பானை வாய்க்கும் நடுவில் இடுக்கு இருந்தால் அந்த ஒற்றைச் சுருதி எல்லாப் பாட்டிலும் புகுந்து கும்மென்று இரையும். பல பானை ஸ்பீக்கர்கள் கெட்ட பெயர் வாங்கியது இந்த இடுக்கினால்தான்.

சரியாகச் செய்வது எப்படி? ஆறு அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் பானை போதும். சுண்டினால் கணீர் என்று ஒலிப்பதாகப் பார்த்து எடுங்கள். சத்தம் உடைந்து வந்தால் விரிசல் இருக்கிறது. ஸ்பீக்கரின் விளிம்பு பானை வாயில் முழுமையாக உட்கார வேண்டும். நடுவில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வையுங்கள். ஆணி அடித்துத் துளை போட்டால் பானை உடையும். ஒயரை வாய் விளிம்பு வழியாகவே எடுத்து, அந்த இடத்தை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.

உள்ளே இலவம்பஞ்சோ பழைய பருத்தித் துணியோ மூன்றில் ஒரு பங்கு தளர்வாக நிரப்புங்கள். அது கோனைத் தொடக்கூடாது. உள்ளே சுற்றும் எதிரொலியை அது அடக்கும். ஓட்டின் கணகணப்பு அதற்கு அடங்காது. அதற்குப் பானையின் வெளிப்புறம் கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்பது 'டொக்' என்று மாறியிருந்தால் வேலை முடிந்தது.

கடைசியாக ஒன்று. பானையை நிமிர்த்தி வைத்தால் சத்தம் கூரைக்குப் போகும். சுமை தூக்கத் தலையில் வைக்கும் சும்மாடு மாதிரி துணியைச் சுருட்டித் தரையில் வைத்து, அதன்மேல் பானையைச் சாய்த்து, ஸ்பீக்கரின் முகம் உங்களைப் பார்க்க உட்காரவையுங்கள்.

ஸ்பீக்கருக்கு அடியில் காசு, ரப்பர், செங்கல் வைத்தால்?

ஸ்பீக்கர் எதன்மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிமெண்ட் தரையில் இருந்தால் அடியில் எதை வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. மர அலமாரியிலோ இரும்பு பீரோ மேலோ இருந்தால் அந்தப் பலகையும் சேர்ந்து அதிரும். கையை வைத்துப் பாருங்கள், விரலில் தெரியும். அப்போது ஸ்பீக்கரையும் பலகையையும் பிரிக்க மெத்தென்ற ஏதாவது வேண்டும்.

பலர் பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி வைக்கிறார்கள். நன்றாக வேலை செய்யும். வெள்ளகவி போன்ற ஊரின் வழக்கத்துக்கு அது பொருந்தாது; அங்கே கோணிச்சாக்கை நான்காக மடித்து வைத்தால் அதே பலன். காசு வைப்பதால் என்ன லாபம்? அது கெட்டியான பொருள், அதிர்வை அப்படியே கடத்தும். ஆடும் ஸ்பீக்கரை ஆடாமல் நிறுத்தினால் அதுவே லாபம், வேறொன்றுமில்லை. செங்கல் உயரத்துக்கு நல்லது. ஒரு துணி சுற்றி வையுங்கள்.

பின்னால் இருக்கும் ஓட்டையில் துணி அடைக்கச் சொல்கிறார்களே?

சில பெட்டிகளில் பேஸ் வருவதற்காகக் குழாய் போல ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். சுவரிலிருந்து தள்ளி வைக்க இடமில்லாமல் பேஸ் இரைந்தால், ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி அந்த ஓட்டையில் லேசாகச் செருகுங்கள். இரைச்சல் அடங்கும். பிடிக்கவில்லையா, எடுத்துவிடலாம். சில நிறுவனங்கள் இதற்கென்றே பஞ்சுத் தக்கையைப் பெட்டியோடு தருகின்றன. உள்ளே விழாத அளவுக்குப் பெரிய காலுறையாக இருக்கட்டும்.

கரகரப்பு, கிடுகிடுப்புக்கு என்ன செய்வது?

முதலில் வீட்டைச் சந்தேகப்படுங்கள். பாத்திர அலமாரி, சாமி படம், ஜன்னல் கொக்கி, தகரக் கதவு எல்லாம் பேஸுக்குச் சேர்ந்து ஆடும். ஒருவர் பாட்டை ஓடவிட, இன்னொருவர் ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்தி வரட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். அதன் பின்னால் ஒரு துணித் துண்டு செருகினால் முடிந்தது.

அடுத்து ஸ்பீக்கரின் திருகாணிகள். வருடக்கணக்கான அதிர்வில் தளர்ந்திருக்கும். எதிரெதிராக ஒவ்வொன்றாகத் திருகி இறுக்குங்கள். பலம் முழுவதையும் காட்டினால் மரம் பிளக்கும். ஒயர் முனை கறுத்திருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள். வால்யூம் திருகு கரகரத்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முறை திருகுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மலையில் மழைக்காலத்து ஈரமும் மூடுபனியும் ஸ்பீக்கருக்குப் பகை. கோனைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் பத்து, இருபது வருடத்தில் ஈரத்தால் பொடிந்துபோகும். விரல் பட்டாலே உதிர்ந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. கோன் கட்டித் தருகிறவரிடம் கொடுத்து வளையத்தை மாற்ற வேண்டியதுதான். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள்.

விலையுயர்ந்த ஒயர் தேவையா?

தேவையில்லை. ஒயர் மிக மெல்லியதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எலெக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்குத் தாராளம். போகவர அதன் மின்தடை 0.12 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை.

செல்போனைச் சில்வர் டம்ளருக்குள் வைத்தால்?

சத்தம் கூடும், தரம் கூடாது. டம்ளர் தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். சமையல் செய்துகொண்டே செய்தி கேட்க உதவும். பாட்டுக்கு வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைப்பது, பச்சைப் பேனா பூசுவது எல்லாம் உண்மையா?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த பீட்டர் பெல்ட் என்பவர், பொருள்களை உறையவைத்து எடுத்தாலும், வீட்டுச் சாமான்களில் மினுமினுப்புத் தாள் ஒட்டினாலும் பாட்டு இனிமையாகும் என்றார். 1990 வாக்கில் சி.டி.யின் விளிம்பில் பச்சைப் பேனா பூசும் பழக்கம் உலகெங்கும் பரவியது. சி.டி.யில் இருப்பது வெறும் எண்கள். விளிம்பின் நிறம் அந்த எண்களை மாற்றுவதில்லை.

பிறகு ஏன் நல்லவர்களும் நேர்மையானவர்களும் "வித்தியாசம் தெரிகிறது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்றைச் செய்துவிட்டு உட்காரும்போது நாம் முன்பைவிடக் கவனமாகக் கேட்கிறோம். தலை ஓரிரு அங்குலம் வேறிடத்தில் இருக்கிறது. விரலளவு உள்ள ட்ரெபிள் அலைக்கு அதுவே பெரிய மாற்றம். வால்யூம் ஒரு துளி கூடியிருந்தால், சத்தம் கூடியது என்று தோன்றாது, நன்றாகிவிட்டது என்றே தோன்றும்.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வால்யூமைத் தொடாதீர்கள். கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் போடட்டும். தலை விழுந்தால் மாற்றம் செய்த நிலை, பூ விழுந்தால் பழைய நிலை. எது என்று சொல்லாமல் அவர் பாட்டை ஓடவிட, நீங்கள் எது என்று சொல்லுங்கள். பத்து முறை. ஒன்பது அல்லது பத்து சரியாக வந்தால் வித்தியாசம் உண்மை. வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஐந்தாறுதான் சரி என்றால், அந்த மாற்றத்துக்குச் செலவிட நினைத்த காசை வேறெதற்காவது வையுங்கள்.

எந்தச் சத்தத்தை வைத்துச் சோதிப்பது? மனிதக் குரலை. பழனி மலையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 100.5 மெகாஹெர்ட்ஸில் கோடை பண்பலை தெளிவாகக் கிடைக்கிறது. அதில் செய்தி வாசிப்பவரின் குரல் உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். பீப்பாய்க்குள்ளிருந்து வந்தால் பேஸ் அதிகம். மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் பேஸ் குறைவு. 'ச', 'ஸ' எல்லாம் குத்தினால் சுவர்கள் மொட்டை.

எதைச் செய்யவே கூடாது?

இரைச்சல் வருகிறது என்று மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து. ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் தாங்கும் என்று பார்க்காமல் ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கரைக் கொடுக்காதீர்கள். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம், அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் போய்விடும். அதன் மேல் துணி மூடாதீர்கள். அக்கம்பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு மாலை நேரம் போதும். முதலில் பிளஸ், மைனஸ். அடுத்து ஸ்பீக்கரின் இடமும் உயரமும், உங்கள் நாற்காலியும். பிறகு கிடுகிடுக்கும் சாமான்கள். பிறகு கண்ணாடி பிடித்துப் பார்த்து, இரண்டு கம்பளி. கடைசியில் காலுறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் பாடுகிறவரின் சொல் தெளியவில்லை என்றால், அப்போது புது ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் கடைக்குப் போகாதீர்கள். இன்று மாலை உங்கள் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்துங்கள். அதே பாட்டை மறுபடி ஒரு தடவை கேளுங்கள்.